ஆறுக்கு இரண்டரை

முதல் அறை விழுந்தபோது அபிராமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போய்க்கொண்டிருந்தாள். ஏதாவது கேட்பார்கள், பதில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள். கேள்வியே வரவில்லை. காதோடு சேர்த்து விழுந்த அறையில் நாற்காலி ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் போனாள். சுவரோரம் கிடந்த கட்டிங் வேஸ்ட் மூட்டையின் மேல் விழுந்ததால் மண்டை தப்பியது.

அடித்தவன் தரணீதரன். அந்தப் பனியன் கம்பெனியின் முதலாளி ஆத்தப்பனுக்கு ஒரே மகன். அவளைவிட ஒரு வயது சின்னவன். இரண்டு வருடமாக அவளிடம் மரியாதை குறையாமல் பேசி வந்தவன். அடித்த பிறகும் அந்த மரியாதை போகவில்லை.

"எந்திரிங்க அபிராமி. எந்திரிச்சு உக்காருங்க. ஒரு மெயில் எழுதோணும்."

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. திருப்பூர் அருள்புரத்தில் மற்ற நாளென்றால் அந்நேரம் காதைப் பிளக்கும் தையல் மிஷின்கள் எல்லாம் உறைபோட்டுக் கிடந்தன. மானேஜர் கந்தவேல்தான் போன் செய்திருந்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு ஒரு ரிப்போர்ட் அவசரமாகப் போக வேண்டும், பத்து நிமிடம் வந்துவிட்டுப் போங்கள் என்றார். வந்து பார்த்தால் கட்டிங் ஹாலில் அவளுடைய அப்பா பெருமாள்சாமி முன்னமே நின்றிருந்தார். அவர் அங்கே பத்தொன்பது வருடமாகக் கட்டிங் மாஸ்டர். அவருக்கு ஒரு பக்கம் கந்தவேல், மறுபக்கம் கார் டிரைவர் ஆறுச்சாமி. கதவோரம் நாற்காலியில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக ஆத்தப்பன்.

அடி வாங்கிய மகளைப் பார்த்ததும் பெருமாள்சாமி பாய்ந்தார். மேஜை மேல் கிடந்த இரும்பு அளவுகோலை எடுத்துக் கந்தவேல் அவர் முழங்காலுக்குப் பின்னால் ஒரு போடு போட்டார். பெருமாள்சாமி மடிந்து உட்கார்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பரீட்சையின் மார்க்.

அபிராமி கோயம்புத்தூரில் டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்தவள். படிப்பு முடிந்ததும் அப்பா வேலை செய்யும் கம்பெனியிலேயே தர சோதனை லேபில் சேர்ந்தாள். அமெரிக்காவில் மேல்படிப்புக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. அதே ஆசை தரணீதரனுக்கும் இருந்தது, அல்லது அவனுடைய அப்பாவுக்கு இருந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெரிய இடத்தில் அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை அமெரிக்கா போகிறார் என்று சொல்லித்தான் தாம்பூலம் மாற்றினார்கள்.

அமெரிக்கப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. பரீட்சையை இரண்டு பேரும் ஒரே மாதத்தில் எழுதினார்கள். கணக்கில் அவன் அவளை முந்திவிட்டான். ஆங்கிலத்தில் அவள் அவனைவிட எவ்வளவோ மேலே. கட்டுரை எழுதும் பகுதிக்கு மட்டும் மார்க் பத்து நாள் கழித்துத்தான் வரும். ஆறுக்கு அவளுக்கு ஐந்து வந்தது. அவனுக்கு இரண்டரை.

"ரைட்டிங் ஸ்கோர எந்த யுனிவர்சிட்டியும் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க. கணக்குத்தான் முக்கியம்" என்று கோச்சிங் சென்டர்காரர் அவனுக்குத் தைரியம் சொன்னார். அது பாதி உண்மை. பெரும்பாலும் பார்ப்பதில்லை. சந்தேகம் வந்தால் முதலில் பார்ப்பது அதைத்தான்.

விண்ணப்பத்தோடு, ஏன் இந்தப் படிப்புக்கு வருகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். அபிராமி அதை ஆறு மாதம் எழுதினாள். துவைத்தால் சில பனியன்களில் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். அது எந்தத் துணியில் வரும் என்று தன் அப்பா கையால் தடவியே சொல்லிவிடுவார் என்றும், அவர் விரலுக்குத் தெரிந்ததை எண்ணாக அளந்து பார்க்கத்தான் தான் லேபுக்கு வந்ததாகவும் எழுதியிருந்தாள். இரண்டு வருடம் அளந்த கணக்கெல்லாம் அதில் இருந்தது.

தரணீதரன் தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். அவள் கம்பெனியைப் பற்றி ஒன்று எழுதிக் கொடுத்தாள். அது அவனுக்குச் சப்பென்று இருந்தது போலும். ஆபீஸ் கம்ப்யூட்டர் பார்க்கிறவனை விட்டு லேப் கம்ப்யூட்டரைத் திறந்து அவளுடையதை எடுத்துக்கொண்டான். 'கட்டிங் மேஜையில் நிற்கும் என் அப்பா' என்று இருந்த இடத்தில் 'கம்பெனி நடத்தும் என் அப்பா' என்று மாற்றினான். மற்றது அப்படியே. அவள் குறித்து வைத்திருந்த பல்கலைக்கழகங்களின் பட்டியலும் அதே ஃபோல்டரில் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இருவருக்கும் கடிதம் வந்தது. இரண்டு விண்ணப்பத்திலும் ஒரே கட்டுரை. விளக்கம் சொல்லுங்கள் என்று. அபிராமி தன் நோட்டுப் புத்தகங்களைப் படம்பிடித்து, ஆறு மாதத்துப் பழைய வரைவுகளையும் சேர்த்து அனுப்பினாள். தரணீதரன் நாலு வரி எழுதினான். சனிக்கிழமை அவனுக்குப் பதில் வந்தது. பரீட்சை ஹாலில் அவன் எழுதிய கட்டுரையையும் மார்க்கையும் இந்த இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்தோம், இரண்டும் ஒருவர் எழுதியதாகத் தெரியவில்லை, ஒரு வாரத்துக்குள் தக்க ஆதாரம் வராவிட்டால் விண்ணப்பம் ரத்து என்று. அந்தக் கடிதத்தை ஆத்தப்பன் யாரையோ விட்டுத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை.

"கண்ணு" என்றார் ஆத்தப்பன், நாற்காலியை விட்டு எழாமலே. "நீதான் இவனோடதப் பாத்து எழுதினேன்னு ஒரு வார்த்த எழுதிக் குடுத்துரு. உங்கப்பன் இந்தக் கம்பெனிலதான் தின்னாரு, நீயும் இந்தக் கம்பெனிலதான் தின்ன. இது ஒண்ணும் பெரிய காரியம் இல்ல."

"நான் எழுதினது என்னோடதுங்க" என்றாள் அபிராமி. உதடு கிழிந்திருந்ததால் சொல் சரியாக வரவில்லை. "இவரு கேட்டிருந்தா இன்னொண்ணு எழுதிக் குடுத்திருப்பேங்க. திருடிட்டாரு."

தரணீதரன் அவள் சடையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தான். தன் லேப்டாப்பை முன்னால் தள்ளினான்.

"அப்பா, அவங்க ரைட்டிங்கப் பாக்கவே மாட்டாங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. இவ மட்டும் இல்லீன்னா..."

ஆத்தப்பன் எழுந்து வந்தார். மகன் முகத்தில் புறங்கையால் அடித்தார். மோதிரம் பட்டுக் கன்னத்தில் கீறியது. டிரைவர் முன்னால், மானேஜர் முன்னால், கட்டிங் மாஸ்டர் முன்னால்.

"ஆறுக்கு ரெண்டர! ஊட்டுக்கு ஏசி, காருக்கு டீசலு, கோச்சிங்குக்குக் கோயமுத்தூரு. ஆறுக்கு ரெண்டர வாங்கிட்டு வந்து கணக்குல மட்டும் கதை சொன்னியாடா எனக்கு? இந்த மாஸ்டரு புள்ள அஞ்சு. என்ற பையன் ரெண்டர."

தரணீதரன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ரத்தம் இருந்தது. திரும்பி வந்து அபிராமியின் முகத்தில், அதே இடத்தில், அதே மாதிரி புறங்கையால் அடித்தான்.

"எழுதுங்க."

அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தரணீதரன் கந்தவேலைப் பார்த்தான். கந்தவேல் அவன் பார்வையைப் புரிந்துகொண்டார். திங்கட்கிழமை வெட்டுவதற்காக மேஜை நீளத்துக்கு வெள்ளைத் துணி அடுக்கடுக்காக விரித்து வைத்திருந்தது. பெருமாள்சாமியைத் தூக்கி நிறுத்தி, இடது கையை இழுத்துத் துணியடுக்கின் விளிம்பில் வைத்தார்கள். ஆறுச்சாமி முழங்கைக்கு மேலே ஏறி அமுக்கிக்கொண்டார். கந்தவேல் கட்டிங் மிஷினின் ஸ்விட்சைப் போட்டார். நெட்டுக்குத்தான கத்தி மேலும் கீழுமாக அடிக்கத் தொடங்கியது. கண்ணுக்குக் கத்தி தெரியாது, ஒரு வெள்ளிக்கோடுதான் தெரியும். அந்த மிஷினைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர் பெருமாள்சாமி. இரும்பு வலைக் கையுறை இல்லாமல் ஒரு நாளும் கிட்டத்தில் போனதில்லை.

"ஏத்தா, எழுதாத" என்றார் பெருமாள்சாமி. "கை போனாப் போகட்டும். எழுதாத."

அபிராமி கத்தியைப் பார்த்தாள். விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. கந்தவேல் மிஷினைக் கொஞ்சம் நகர்த்தினார். அரைச் சாண்.

"எழுதறேங்க" என்றாள். "தள்ளி வைக்கச் சொல்லுங்க. எழுதறேன்."

தன் மெயிலைத் திறந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். அமெரிக்கா இல்லாவிட்டால் என்ன, செத்தா போய்விடுவோம். முதல் நாலு வரியை உண்மையாகவே அப்படித்தான் எழுதினாள். என் பெயர் அபிராமி, நான்தான் தரணீதரனின் கட்டுரையைப் பார்த்து எழுதினேன், அவர் மேல் தப்பில்லை, அவர் விண்ணப்பத்தை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வாக்கியம். அவன் தோளுக்குப் பின்னால் நின்று வாய்க்குள் படித்தான். "ம், நல்லாருக்கு" என்றான்.

அந்த 'நல்லாருக்கு'தான் அவளுக்குள் எதையோ கிளப்பிவிட்டது.

பரீட்சைக்காக ஆயிரத்துச் சொச்சம் கடினமான ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்திருந்தாள். பஸ்ஸில், சோற்றுக்கு உலை வைத்த அடுப்படியில், லேபில் துணி காயும் நேரத்தில். அவனுக்கும் அதே பட்டியல் கொடுத்திருந்தார்கள். அவன் அதைப் புரட்டவில்லை என்று அவனுடைய மார்க்கே சொல்லியிருந்தது. அடுத்த வாக்கியத்தை அவள் நிறுத்தாமல் எழுதினாள். மேலே சொன்ன ஒவ்வொன்றும் போலி, வன்முறையால் பிடுங்கப்பட்டது, என்னைப் பெற்றவரின் அங்கம் இந்தக் கணம் சேதத்தின் விளிம்பில் இருக்கிறது, புளுகுகிறவர் இதை என் பின்னால் நின்று பார்வையிடுகிறார். அப்பா, கை, கத்தி, பொய், அடி என்று அவனுக்குத் தெரிந்த எளிய சொல் ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொண்டாள். பத்து வரிக்கு ஒரே வாக்கியம். கடைசியில் மரியாதையாக வணக்கம் சொல்லி முடித்தாள்.

தரணீதரன் குனிந்து படித்தான். நடுவில் நின்றான்.

"இதென்ன, டியூரஸ்?"

மிரட்டலின் பேரில் என்று அதற்கு அர்த்தம்.

"மனசறிஞ்சு சொல்றேன்னு அர்த்தங்க."

அவன் திரையையே பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தான்.

"என்னடா நோண்டற?" என்றார் ஆத்தப்பன் பின்னாலிருந்து. "அதுகூட உனக்குத் தெரியிலியா? போன்ல பாத்துத்தான் படிப்பியா?"

தரணீதரனின் காது சிவந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"தெரியுமுங்கப்பா. சும்மா கேட்டேன்."

அவனே விரலை வைத்து அனுப்பினான். பதினொன்று ஐம்பத்திரண்டு.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆறுச்சாமி பிடியை விட்டுவிட்டார். மிஷின் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தரணீதரன் பெருமாள்சாமியின் அருகில் போய் அவர் தோளைத் தட்டினான். "நாளைக்கு எட்டரைக்கு வந்துருங்க மாஸ்டரு. விரிச்ச லே வெட்டாமக் கெடக்குது பாருங்க" என்றான், ஒன்றுமே நடக்காதது மாதிரி. பெருமாள்சாமி அவன் முகத்தில் காறித் துப்பினார்.

கந்தவேல் அவர் இடது கையைப் பிடித்து, ஓடுகிற கத்தியோரம் மேஜை மேல் மோதினார். வெட்ட வேண்டும் என்று நினைத்து மோதினாரா, கோபத்தில் மோதினாரா என்று பிறகு கோர்ட்டில் நெடுநேரம் பேசினார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் துணிமேல் விழுந்தன. சத்தமே வரவில்லை. எண்பது அடுக்குத் துணியை வெட்டுகிற கத்திக்கு அது ஒரு வேலையே இல்லை. பெருமாள்சாமி முதலில் கையைப் பார்க்காமல் துணியைத்தான் பார்த்தார். வெள்ளைத் துணியில் சிவப்பு மளமளவென்று அகலமாகப் பரவியது. அபிராமி கத்தினாள். கத்திக்கொண்டே ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தாள்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை என்னங்க கட்டிங்?" என்று கேட்டார் டாக்டர். "அர்ஜென்ட் ஆர்டருங்க சார்" என்றார் கந்தவேல். அவர் அபிராமியை ஒட்டி நின்றிருந்தார். அவள் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் அம்மா ஒச்சாயி வந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள். வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். கந்தவேல் டீக்குடிக்கப் போன நேரத்தில் அபிராமி எல்லாவற்றையும் சொன்னாள். ஒச்சாயி அழவில்லை.

"எத்தன பேரு?"

"நாலு பேரும்மா."

"பேரச் சொல்லு."

சொன்னாள். ஒச்சாயி ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"வா, ஸ்டேசனுக்குப் போவோம்."

"நாளைக்குப் போவோம்மா. மெயில் போயிருக்கு. அவங்க பதில் எழுதுவாங்க. அத வச்சுக்கிட்டுப் போனா எவனும் இல்லன்னு சொல்ல முடியாது."

அது அவள் செய்த முதல் தப்பு. இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது. தன் மெயிலை அவன் லேப்டாப்பில் திறந்தவள் மூடாமலே வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை இருட்டிய பிறகு பதில் வந்தது. அங்கே அப்போதுதான் காலை. துறைத் தலைவியே எழுதியிருந்தார். நீ பத்திரமாக இருக்கிறாயா, உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று, உங்கள் ஊர்ப் போலீஸுக்கு நாங்கள் யார் மூலம் சொல்லலாம், உன்னோடு பேச ஒரு நம்பர் கொடு என்று. சின்னச் சின்ன வாக்கியம், எளிய சொல். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போனில் அதைப் படிக்கும்போதுதான் அபிராமிக்கு லேப்டாப் ஞாபகம் வந்தது. உடனே பாஸ்வேர்டை மாற்றினாள். அந்த மெயில் அதற்கு முன்பே திறக்கப்பட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்குக் கார் வந்தது. கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போகலாம் என்று ஒச்சாயியும் அபிராமியும் விடியற்காலையில்தான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒரே வரிசையில் பத்து அறை இருக்கிற லைன் வீடு. தண்ணீர் வரும் நேரமாதலால் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

தரணீதரன் செருப்போடு உள்ளே வந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது. கன்னத்தில் மோதிரக் கீறல் பக்கத்தில் புதிதாக இன்னும் இரண்டு தடிப்பு இருந்தது. அவனும் வீட்டில் அடி தின்றுவிட்டுத்தான் வந்திருந்தான்.

"மனசறிஞ்சா?" என்றான். "மனசறிஞ்சு சொல்றேன்னாடி அர்த்தம்?"

மரியாதை போய்விட்டது. தலைமயிரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். நிலைப்படியில் அவள் நெற்றி மோதியது. "இன்னொண்ணு எழுது. இப்ப எழுது. நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் பாக்கறேன். எழுதுடி." காலால் இடுப்பில் மிதித்தான். கூட வந்திருந்த கந்தவேல் மறிக்கப்போன ஒச்சாயியை வயிற்றில் உதைத்துத் தள்ளினார். ஒச்சாயி விழுந்த இடத்தில் நிறைகுடம் ஒன்று இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிக் கந்தவேலின் முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்து அவர் சாக்கடைப் பக்கம் போய் விழுந்தார்.

"எவன்டா எம்மகளத் தொட்டவன்? வாடா! ஒத்தையா வாடா!"

அபிராமி தரையில் ஊர்ந்து அறைக்குள் போகப் பார்த்தாள். தரணீதரன் மயிரை விடாமல் கூடவே வந்தான். சுவரோரம் அப்பாவின் சாமான் பை கிடந்தது. துணி மேல் அளவுக்கு வைக்கிற அட்டைப் பேட்டன்களை வெட்டும் நீளக் கத்திரி அதில் இருந்தது. கைக்கு அது எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. முதல் குத்து அவள் மயிரைப் பிடித்திருந்த முன்கையில். அவன் அலறிப் பிடியை விட்டான். மறுபடி எட்டிப் பிடிக்க வந்தான், இரண்டாவது தோளில். அவன் பின்னால் சாய்ந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி உள்ளங்கையைக் காட்டினான். அபிராமி எழுந்து நின்று, கத்திரியை இரண்டு கையாலும் பிடித்து, அவன் தொடையில் மூன்றாவதாகக் குத்தினாள். கைப்பிடி வரைக்கும் போனது. இழுத்து இன்னொரு தரம் ஓங்கினாள்.

ஒச்சாயி பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டாள். "போதும்த்தா. போதும். செத்துருவான். விடு."

பக்கத்து அறையில் குடியிருந்த ஒடிசாக்காரர், அயர்னிங் வேலை பார்க்கிறவர், முதல் கூச்சலிலிருந்தே போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அவர்தான் தன் துண்டை உருவித் தரணீதரனின் தொடையில் இறுக்கிக் கட்டினார். இல்லாவிட்டால் அவன் ஆஸ்பத்திரி வரை தாங்கியிருக்க மாட்டான் என்று சொன்னார்கள்.

இரண்டு பக்கமும் வழக்குப் பதிவானது. விரல் போனது மிஷின் விபத்து, அந்தப் பெண் கொலை செய்யப் பார்த்தாள் என்று ஆத்தப்பன் பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். ஒச்சாயி வாசலில் நின்றாள். ஆனால் பதினொன்று ஐம்பத்திரண்டு மணிக்குப் போன மெயிலை ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. விரல் போவதற்கு முன்பே, விரல் போகப் போகிறது என்று எழுதியிருந்தது. தரணீதரனின் லேப்டாப்பிலிருந்து, அவன் விரலாலேயே போயிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து துறைத் தலைவி கையெழுத்துப் போட்ட கடிதம் வந்தது. கந்தவேலையும் ஆறுச்சாமியையும் முதலில் பிடித்தார்கள். தரணீதரனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராகக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

துறைத் தலைவி ஒரு நாள் போனில் பேசினார். "உண்மையைச் சொன்னால் அந்தக் கட்டுரை மார்க்கை நாங்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இரண்டு பேரில் யாரை நம்புவது என்று வந்தபோதுதான் எடுத்துப் பார்த்தோம். பரீட்சையில் நீ எழுதியதைப் படித்தேன். அப்போதே தெரிந்துவிட்டது" என்றார். இடம் உண்டு, சம்பளத்தோடு லேப் வேலையும் உண்டு, எப்போது வர முடியும் என்று கேட்டார்.

அபிராமியால் எப்போது என்று சொல்ல முடியவில்லை. தன் மேல் வழக்கு இருக்கும்போது விசா கிடைக்காது.

ஏப்ரலில் ஆத்தப்பன் ஆளனுப்பினார். சாமியப்பன் என்று அவருக்கு மாமன் முறை, நயமாகப் பேசுகிறவர். ஆறு பேர் உட்காரக்கூட இடமில்லாத அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க மாஸ்டரு, ரெண்டு பக்கமும் அடிபட்டாச்சு. நாங்க எங்க கேஸ வாபஸ் வாங்கிக்கறோம், நீங்க உங்க கேஸ வாங்கிக்கோங்க. கண்ணு ஆகஸ்ட்டுல ஏரோப்ளேன் ஏறட்டும். என்ன சொல்றீங்க?"

பெருமாள்சாமி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவருக்கு அது சரியென்றுதான் பட்டது என்று அவள் அவர் முகத்திலேயே கண்டாள்.

"வாங்க மாட்டேங்க" என்றாள் அபிராமி. "ஆகஸ்ட்டு போனா அடுத்த ஆகஸ்ட்டு வருமுங்க."

சாமியப்பன் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். அன்றைக்குப் பெருமாள்சாமி மகளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

அவள் மேலிருந்த வழக்கு முதலில் விசாரணைக்கு வந்தது. வீடியோவைக் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். தன் முகத்தை அதில் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அது பயந்த முகம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"மொத குத்து, சரிங்க, தப்பிக்கறக்கு. ரெண்டாவதும் அப்படியே வச்சுக்குவோம். மூணாவது? அவரு உக்காந்துட்டாரு. கையத் தூக்கிட்டாரு. மூணாவது குத்து எதுக்கும்மா?"

அவளுடைய வக்கீல் என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே சொல்லிக் கொடுத்திருந்தார். மறுபடி அடித்துவிடுவார் என்ற பயத்தில் குத்தினேன் என்று சொல்ல வேண்டும். அவள் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

"மூணாவது தற்காப்பு இல்லீங்க. கோவம்."

அவளுடைய வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். மாஜிஸ்திரேட் அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுதினார். மூன்றாவது குத்துக்கு அவள் குற்றவாளிதான் என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன் நடந்ததையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஜெயிலும் இல்லை அபராதமும் இல்லை என்று எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

விசா விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதினாள். சென்னையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரி தீர்ப்பின் நகலை இரண்டு தடவை படித்தார். யாரைக் குத்தினாய், ஏன், எத்தனை முறை என்று கேட்டார். சொன்னாள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். பத்து வாரம் ஒரு தகவலும் இல்லை. அடுத்த ஆகஸ்ட்டும் அப்படியே போனது. நவம்பரில் பாஸ்போர்ட் விசாவோடு கூரியரில் வந்தது. ஜனவரியில் சேர்ந்துகொள்ளலாம் என்று பல்கலைக்கழகம் எழுதியது.

தரணீதரனும் கந்தவேலும் ஆறுச்சாமியும் ஜாமீனில் வெளியே இருந்தார்கள். அவர்கள் வழக்கில் அவள் இரண்டு நாள் சாட்சி சொல்லி முடித்துவிட்டாள். தீர்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் இப்போது பல்லடம் ரோட்டில் வேறொரு கம்பெனியில், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தார். துணியை நகர்த்திக் கொடுக்க இடது கை வேண்டும், மூன்று விரலை வைத்துக்கொண்டு கட்டிங்கில் நிற்க முடியாது. பெண்கள் உட்காரும் வரிசையில் அவர் ஒருவர்தான் ஆண். வாசலில் வேப்பமரத்தடியில் நின்று இருவரும் டீக் குடித்தார்கள்.

"கோர்ட்டுல மூணாவது குத்து எதுக்குன்னு கேட்டாங்கள்ல" என்றார் பெருமாள்சாமி, டீயைப் பார்த்துக்கொண்டே. "எங்கையி போனதுக்குத்தான குத்துன?"

ஆமாம் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இல்லப்பா. எனக்காகக் குத்துனேன்."

பெருமாள்சாமி டம்ளரில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "அதுவும் சரித்தேன்" என்றார். உள்ளே பெல் அடித்தது. டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு, வலது கையால் அவள் தலையை ஒரு முறை அழுத்திவிட்டு, லேட்டானால் சூப்பர்வைசர் வைவான் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.